ஆடுறவங்கள்ல பாதிப் பேர் கறுப்பினத்தவர், விசில் ஊதுறவங்கள்ல மட்டும் ஏன் இல்ல?

ஆஃப்சைடு திருச்சி எழுதியது:

வணக்கம். ரெண்டு வருஷமா இங்க வந்து படிச்சிட்டு மட்டும் போறவன், எழுதுறது இதுதான் முதல் தடவை. பகுதி மாறிப் போட்டிருந்தா மாத்தி விட்டுடுங்க.

திருச்சியில ஒரு மருந்து மொத்தக் கடையில பில் போடுறேன். ரூம்ல நாலு பேர். சனிக்கிழமை ராத்திரி ஆனா இங்கிலாந்து கால்பந்து பிரீமியர் லீக்தான். ஒரே ஒரு போனைத் தண்ணிக் குடத்துல சாய்ச்சு வச்சு நாலு தலையும் அதுக்குள்ள இருக்கும். போன வாரம் பாதி மேட்ச்சுல எனக்கு ஒண்ணு உறைச்சுது. களத்துல ஓடுற 22 பேர்ல ஏறக்குறைய பாதிப் பேர் கறுப்பினத்தவர். நடுவுல விசிலோட ஓடுறவர் வெள்ளைக்காரர். கொடி பிடிக்கிற ரெண்டு பேரும் அப்படியே. வெளிய போர்டு தூக்கிக் காட்டுறவரும் அப்படியே. யோசிச்சா முந்தின வாரமும் அதேதான்.

தேடிப் பாத்தேன். யூரையா ரென்னின்னு ஒருத்தர், ஜமைக்காவுல பிறந்து ஷெஃபீல்டுல வளந்தவர். 1997-ல பிரீமியர் லீக்ல ஊதின முதல் கறுப்பின ரெஃப்ரி. 2008 வரைக்கும் ஊதியிருக்கார். 2025 ஜூன்ல 65 வயசுல இறந்துட்டார். அவருக்கு அடுத்த ஆள் சாம் அலிசன், முதல் மேட்ச் 2023 டிசம்பர் 26. நடுவுல பதினஞ்சு வருஷம் ஒருத்தர்கூட இல்ல. ரென்னி நிறுத்தினப்ப நான் ஆறாங்கிளாஸ். அலிசன் வந்தப்ப நான் வேலைக்குச் சேந்து நாலு வருஷம் ஆச்சு.

ரூம்மேட் ஒருத்தன் சொல்றான், "ஓட்டப் பரீட்சை, ரூல்ஸ் பரீட்சை ரெண்டும் பாஸ் பண்ணா யார் வேணா ரெஃப்ரி ஆகலாம்டா. ஆடுனாத்தான் காசு, ஊதுனா திட்டுதான் கிடைக்கும், அதான் அவங்க வரல." எனக்கு இது சரின்னு படல, ஆனா பதில் சொல்லவும் தெரியல. கறுப்பர்கள் ஊதக் கூடாதுன்னு எங்கயும் சட்டம் இல்லைல்ல? அப்ப எந்த இடத்துல அடைக்குது? அங்க இருக்கிறவங்க, நிஜமாவே விசில் பிடிச்சவங்க யாராவது சொல்லுங்க. (நான் காலேஜ்ல ஒரே ஒரு மேட்ச் ஊதியிருக்கேன். இடைவேளையில விசிலைப் பி.டி. சார் கையில குடுத்துட்டு ஹாஸ்டலுக்கு ஓடி வந்துட்டேன்.)


நடுநிலை நாகராஜ் எழுதியது:

தம்பி, எதை எடுத்தாலும் நிறத்துல கொண்டுபோய் முடிச்சா எப்படி? கிரிக்கெட் அம்பயர் ஸ்டீவ் பக்னர் கறுப்பினத்தவர், ஜமைக்காக்காரர்தானே? 1992-லிருந்து 2007 வரைக்கும் தொடர்ந்து அஞ்சு உலகக் கோப்பை ஃபைனல்ல நின்னவர். 128 டெஸ்ட். யார் தடுத்தாங்க? நம்மள அவர் படுத்துன பாட்டுக்கு நாமதான் தடுத்திருக்கணும். இன்னொண்ணும் சொல்றேன். 2006 ஓவல் டெஸ்ட்ல பாகிஸ்தான் தோத்ததா அறிவிச்சாங்களே, அம்பயர் டேரல் ஹேர், கறுப்பின அம்பயர் பில்லி டாக்ட்ரோவ் ரெண்டு பேரும் சேந்து எடுத்த முடிவு அது. தண்டனை வந்தது வெள்ளைக்காரர் ஹேருக்கு மட்டும். அவர் ஐசிசி மேல நிறப் பாகுபாடுன்னு கேஸே போட்டார், 2007-ல வாபஸ் வாங்கினார். இப்படியும் இருக்கு. திறமை இருந்தா மேல வருவாங்க.


ஞாயிறு விசில் எழுதியது:

தம்பி திருச்சி, நான் தெற்கு லண்டனில இருந்து எழுதுறன். ஊர் வடமராட்சி. 2001இல இங்க வந்தனான், 2011இல மத்தியஸ்தர் பயிற்சி எடுத்தனான். அண்டையில இருந்து ஞாயிறு காலமையில உதைபந்தாட்டம் ஊதுறன். நீங்கள் போனில பாக்கிற புல்லு இல்லை இது. முதல்ல நாய் இருந்துபோட்டுப் போனதை அள்ளி எறிஞ்சுபோட்டுத்தான் நாணயத்தைச் சுண்டுறது.

உங்கட அறைப் பெடியன் சொன்ன ரெண்டு சோதினையும் உள்ளதுதான். ஆனா அதுகளில ஒருத்தரும் விழுறேல்லை. ஓடினா ஓடினதுதான், மணிக்கூடு பொய் சொல்லாது. சட்டப் புத்தகமும் அப்பிடித்தான். விழுறது மூண்டாவது சோதினையில. அதைப் பற்றித்தான் ஒருத்தரும் கதைக்கிறேல்லை.

நாங்கள் தொடங்கினது 7ஆம் நிலை. அங்கயிருந்து 6, 5, 4 எண்டு ஒவ்வொரு படியா ஏறவேணும். பிரீமியர் லீக்கைக் கழுத்து வலிக்க நிமிந்துதான் பாக்கலாம். ஒவ்வொரு படிக்கும் ஆள் ஆளுக்கு மார்க் போடுவினம். ஆடின ரெண்டு கழகமும் 100க்குப் போடும். தோத்த பக்கம் என்ன போடும் எண்டு நான் சொல்லத் தேவையில்லை. அதோட ஒப்சேவர் எண்டு ஒருத்தர், அனேகமா ஓய்வுபெற்ற மத்தியஸ்தர், கோட்டுக்கு வெளியில கொப்பியோட நிப்பார். தொண்ணூறு நிமிசம் பாத்துப்போட்டு அறிக்கை எழுதுவார். அந்த ஒரு மனுசன்ர கண்ணுதான் அண்டைக்கு உங்கட தலையெழுத்து.

எங்கட வகுப்பில நாங்கள் மூண்டு பேர் கூட்டு. நான், கானாவில பிறந்து இங்க பஸ் ஓடுற ஒருத்தர், பத்தொன்பது வயசு வெள்ளைக்காரப் பல்கலைக்கழகப் பெடியன். மூண்டு பேரும் ஒரே மண்டபத்தில ஒரே நாள் பாஸ் பண்ணினனாங்கள். ரெண்டாவது சீசனில மூண்டு பேரும் பதவி உயர்வுக்குப் பேர் குடுத்தம். ஒரே ஒப்சேவர் மூண்டு பேரையும் அடுத்தடுத்த கிழமை வந்து பாத்தார். அந்த லீக்கில சண்டை வராத ஆட்டம் குறைவு. மூண்டு பேருக்கும் அப்பிடி ஒரு தள்ளுமுள்ளு வந்தது. மூண்டு பேரும் ஓடிப்போய் நடுவில நிண்டு விலக்கி, ரெண்டு ரெண்டு மஞ்சள் காட்டினம். பயிற்சியில சொல்லித் தந்ததே அதுதானே.

மார்கழி மாசம் ஒரு பின்னேரம் கானாக்காரற்ற காரில ஹீற்றரைப் போட்டுக்கொண்டு மூண்டு பேரும் அறிக்கைகளைப் பக்கத்தில பக்கத்தில வைச்சு வாசிச்சம். பெடியனுக்கு "உறுதி, நெருக்கடியிலும் நிதானம்" எண்டு இருந்தது. எனக்கு "குரல் காணாது, ஆளுமை போதாது". கானாக்காரருக்கு "உடல்மொழியில் ஆக்ரோஷம், வீரர்களை மிரட்டுவது போல் நிற்கிறார்". அவர் ஆறடி இரண்டு. கட்டை ஆளா மாறுறதுக்குப் பயிற்சி வகுப்பு ஒண்டும் இல்லையே. கொஞ்ச நேரம் ஹீற்றரையே திருகிக்கொண்டு இருந்தார். பேந்து சிரிச்சார். "நீ அரை அடி வளரவேணும், நான் அரை அடி குறையவேணும், இவன் அப்பிடியே இருந்தாச் சரி" எண்டார். பெடியனுக்கு முகம் சிவந்துபோச்சு. அவனில என்ன பிழை.

அந்த ஒப்சேவர் கூடாத மனுசனும் இல்லை. பிளாஸ்கில தேத்தண்ணி கொண்டுவந்து மூடியில ஊத்தித் தருவார். என்ர பேரைச் சரியாச் சொல்லவேணும் எண்டு மூண்டு தரம் கேட்டுப் பழகினவர். துவேசம் எண்டு முறைப்பாடு எழுதினா அந்த மனுசன் அழுதிருப்பார். அறிக்கையில ஒரு பொய்யும் இல்லையே, கானாக்காரர் பெரிய உடம்புதானே, குரலும் பெரிசுதானே. நாகராஜ் அண்ணை, நீங்கள் திறமை எண்டுறீங்கள். அந்தத் திறமையை எழுத்தில வைக்கிற சொல் ஆளுக்கு ஆள் மாறினா, மார்க்கும் மாறும்தானே?

இன்னொண்டு, ஆட்டம் முடிஞ்ச பிறகு நடக்கிறது. கழகத்து பாரில நிண்டு ஒரு பியர் குடிக்கிற நேரத்திலதான் முக்கியமான விசயங்கள் எல்லாம் முடிவாகும். ஆர் அடுத்த மாசம் கிண்ண இறுதியாட்டத்தில கொடி பிடிக்கிறது, ஆருக்குப் பெரிய லீக்கில ஒரு ஆட்டம் குடுத்துப் பாக்கிறது எண்டு. அந்த நேரம் நான் பெற்றோல் ஸ்டேசனில ரெண்டு மணி வேலைக்கு ஓடிக்கொண்டிருப்பன். கானாக்காரருக்கு ஒண்டுவிட்ட சனிக்கிழமை பஸ். ரெண்டு தரம் "வரேலாது" எண்டு சொன்னார், மூண்டாம் தரம் கேக்கேல்லை. அப்பிடிக் கேக்கிற ஒரு போன் அழைப்பு உலகத்தில இருக்கெண்டே எனக்கு அஞ்சாவது வருசம்தான் தெரியும், அதுவும் அந்தப் பெடியன் சொல்லித்தான். அவன் இருபத்தி நாலு வயசில 3ஆம் நிலை. கானாக்காரர் முப்பத்தாறில 5ஆம் நிலை. அதுக்குப் பிறகு ஆர் அவரைப் பாக்கப்போறாங்கள்? மேல இளசுகளைத்தான் தேடுவாங்கள்.

ரென்னியைப் பற்றி ஒண்டு. அவர் ஷெஃபீல்டில மஜிஸ்திரேட்டாவும் இருந்தவர், தற்காப்புக் கலைக்காரர், நல்ல உடம்பு. 1999 ஆகஸ்டில நியூகாஸில் கப்டன் அலன் ஷியரருக்குச் சிவப்பு அட்டை காட்டி அனுப்பினார். அந்த மாதிரி ஆள் 5ஆம் நிலையில எங்கட ஒப்சேவரிட்ட மாட்டியிருந்தா அறிக்கையில என்ன சொல் வந்திருக்கும் எண்டு நான் அடிக்கடி யோசிக்கிறனான்.

சன்னி சிங் கில் 2024 மார்ச்சில பிரீமியர் லீக்கில ஊதின முதல் பிரித்தானியத் தெற்காசியர். எங்களுக்கும் பெருமைதான். ஆனா அவற்ற தகப்பன் ஜர்னைல் சிங்கும் தலைப்பாகையோட இங்கிலீஷ் லீக்கில ஊதினவர். அந்தப் போன் அழைப்பைப் பற்றி அந்த வீட்டில சொல்லிக் குடுக்க ஆள் இருந்தது.


ஸ்கோர்புக் மைதிலி எழுதியது:

லண்டன் அண்ணா எழுதினதைப் படிச்சிட்டு அப்பாவோட பழைய ஸ்கோர் நோட்டைத் தேடி எடுத்தேன். டிவியைப் பார்த்துக்கொண்டே பந்துக்குப் பந்து ஸ்கோர் எழுதுகிற பழக்கம் அவருக்கு. நானும் சென்னையில லீக் மேட்சுகளுக்கு ஸ்கோர் எழுதறேன், அது அவர் தந்த வியாதி.

1989 நவம்பர் 15, கராச்சி. நம்ம ஸ்ரீகாந்த் கேப்டன். சச்சின் முதல் டெஸ்ட். பக்கத்தோட அடியில அப்பா அம்பயர் பேர் எழுதியிருக்கார்: ஹாம்ப்ஷைர், ஹோல்டர். அந்தத் தொடருக்காகப் பாகிஸ்தான் இங்கிலாந்திலிருந்து பொது அம்பயர்களை வரவழைத்தது. நாலு டெஸ்ட்டுக்கும் இவங்க ரெண்டு பேர்தான். உள்ளூர் அம்பயர் மேல நம்பிக்கை இல்லாம ரெண்டு நாடும் அடிச்சுக்கிட்டிருந்த காலத்தில, அந்த ரெண்டு நாடும் ஏத்துக்கிட்ட ஆள் ஜான் ஹோல்டர். பார்படோஸ்ல பிறந்தவர், ஹாம்ப்ஷைர் கவுன்டிக்கு வேகப்பந்து போட்டவர், கறுப்பினத்தவர்.

ரெண்டு வருஷம் கழிச்சு 1991-ல ஓவல் டெஸ்ட், வெஸ்ட் இண்டீஸ் வந்திருக்கு. இங்கிலாந்து ஆட்டக்காரங்க பந்தைச் சேதப்படுத்தினதா ஹோல்டர் புகார் எழுதறார். அதுக்கப்புறம் டெஸ்ட் அம்பயர் பட்டியல்ல அவர் பேர் இல்ல. அடுத்த டெஸ்ட் அவருக்குக் கிடைச்சது 2001-ல. மொத்தமே 11 டெஸ்ட். 2020-ல அவர் வெளிப்படையாப் பேசினப்ப சொன்னது இன்னும் மோசம். இங்கிலாந்தின் முதல்தர அம்பயர் பட்டியலுக்கு 1992-க்கு அப்புறம் வெள்ளையர் அல்லாத ஒருத்தர்கூடப் புதுசாச் சேர்க்கப்படலைன்னார். 1992-ல கடைசியா வந்தவர் வான்பர்ன் ஹோல்டர், பழைய வெஸ்ட் இண்டீஸ் வேகப்பந்து வீச்சாளர். இருபத்தெட்டு வருஷம். எத்தனை ஆசியர்களும் கறுப்பினத்தவரும் அங்க கவுன்டி ஆடி ஓய்வு பெற்றிருப்பாங்க!

நாகராஜ் சார், பக்னர் விஷயத்துக்கு வரேன். அவர் ஏணி ஏறினது ஜமைக்காவில. மார்க் போட்டவங்களும் அவரை மாதிரியே இருந்தவங்க. அவர் கால்பந்து ரெஃப்ரியும்கூட, 1988-ல எல் சால்வடார் ஆடின உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்தில விசில் பிடிச்சவர். அங்க முழுசாத் தேறி வந்தவரைத்தான் ஐசிசி எடுத்துக்கிச்சு. நம்ம வெங்கட்ராகவனும் அப்படித்தானே, இங்க தேறினார், 73 டெஸ்ட் நின்னார். திருச்சித் தம்பி கேக்கறது, வெள்ளைக்காரங்க கையில இருக்கிற ஏணியைப் பத்தி.

கோபிக்காதீங்க, இன்னொண்ணும் சொல்லிடறேன். ஆஸ்திரேலியாகிட்ட நாம தோத்த 2008 சிட்னி டெஸ்ட் முடிஞ்ச ராத்திரி எங்க அபார்ட்மென்ட் மொட்டை மாடியில பக்னரைத் திட்டின வார்த்தைகள்ல பாதி அவரோட தீர்ப்பைப் பத்தினது இல்ல. அதே மேட்ச்ல மார்க் பென்சனும்தான் நின்னார், அவரும்தான் தப்புப் பண்ணினார். அவரை யாரும் தோல் நிறத்தைச் சொல்லித் திட்டல. நான் அங்கதான் இருந்தேன், வாயைத் திறக்கல.


நடுநிலை நாகராஜ் எழுதியது:

பக்னர் பாயின்ட்டை ஒத்துக்கிறேன் மேடம். மொட்டை மாடி விஷயத்துக்குப் பதில் சொல்ல மாட்டேன், எங்க தெருவுலயும் அதேதான். ஆனா லண்டன் சார் சொல்றது ஒரு கார்ல மூணு பேர் பாத்த அறிக்கை. கோர்ட்டுல நிக்குமா? நிரூபிக்க முடியாததைப் பாகுபாடுன்னு எப்படிச் சொல்றது?


டாலஸ் தங்கராசு எழுதியது:

கோர்ட்டுன்னு சொன்னதுனால வாரேன். ஊரு பாளையங்கோட்டை, இருக்கது டெக்ஸாஸ். மகளோட சாஃப்ட்பால் மேட்சுக்கு அம்பயர் வரலைன்னு ஒருநா என்னையப் புடிச்சு நிப்பாட்டிட்டாக. மூணு மணி நேரம் நின்னதுல மூணு அம்மாமாருக்கு எதிரி ஆயிட்டேன். அதுலருந்து அம்பயர்மாரு கதைன்னா விடாம வாசிப்பேன்.

அமெரிக்க பேஸ்பாலோட உச்ச மட்டம் மேஜர் லீக். அங்க நிறத் தடையை ஒடைச்சு ஜாக்கி ராபின்சன்ங்க கறுப்பு ஆட்டக்காரரு 1947-ல உள்ள வந்தாரு, அது இங்க எல்லாருக்கும் தெரியும். ஆனா மேஜர் லீக்ல முதல் கறுப்பு அம்பயர் எப்ப வந்தாருன்னு கேளுங்க. 1966. ஆட்டக்காரன் வந்து 19 வருஷம் கழிச்சு. அவரு பேரு எம்மெட் ஆஷ்ஃபோர்டு. லாஸ் ஏஞ்சலஸ்ல தபால் ஆபீஸ் உத்தியோகம் பாத்த மனுசன். 1951-ல கீழ்மட்ட லீக்ல நுழைஞ்சாரு, 1954-ல பசிபிக் கோஸ்ட் லீக்குக்குப் போயி 12 சீசன் அங்கயே கெடந்தாரு. கடைசியில அந்த லீக் அம்பயர்களுக்கே தலைவரு ஆக்குனாக, மேல மட்டும் கூப்பிடல.

1966 ஏப்ரல் 11, வாஷிங்டன்ல சீசனோட முதல் ஆட்டம். துணை ஜனாதிபதி ஹம்ஃப்ரி வந்து முதல் பந்தைப் போடுதாரு, அதனால வாசல்ல ரகசியப் போலீஸ் காவல். ஆஷ்ஃபோர்டை உள்ள விட மாட்டேன்னுட்டாக. மேஜர் லீக்ல நீக்ரோ அம்பயரே கெடையாதேங்காக. நீங்க உள்ள விட்டா இன்னைக்கு ஒருத்தன் இருப்பான்னு பதில் சொன்னாராம். வாசல்ல நின்னவன் சொன்னது பொய்யும் இல்ல, அந்த நிமிசம் வரைக்கும் கெடையாதுதான்!

உள்ள போகும்போது அவருக்கு வயசு 51. மேஜர் லீக்ல ரெண்டு பிரிவு, அதுல அவரு இருந்த அமெரிக்கன் லீக்ல அம்பயருக்கு ஓய்வு வயசு 55. பாவம் பாத்து ஒரு வருஷம் கூடக் குடுத்தாக. 1970 உலகத் தொடர்ல, அதான் மேஜர் லீக்கோட இறுதிப் போட்டித் தொடர்ல நின்னாரு, அத்தோட சரி. கீழ பதினஞ்சு வருஷம், மேல அஞ்சு. லண்டன் அண்ணாச்சி சொன்ன கானாக்காரர் வயசுக் கணக்கும் இதேதான. கதவை முகத்துல சாத்துனா சண்டை போடலாம், உக்கார வச்சு வயசாக்குனா என்ன செய்ய? மேஜர் லீக்ல ஒரு அம்பயர் குழுவுக்கே தலைவரா ஒரு கறுப்பர் வந்தது 2020-ல, கெர்வின் டான்லி. ஆஷ்ஃபோர்டுக்கு 54 வருஷம் கழிச்சு.

இப்ப நாகராஜ் அண்ணாச்சி கேட்ட கோர்ட்டு. ஆங்கெல் எர்னாண்டெஸ்னு ஒரு மேஜர் லீக் அம்பயர், கியூபாக்காரரு, கறுப்பர் இல்ல. குழுத் தலைவர் பதவியும் உலகத் தொடரும் தரலைன்னு 2017-ல மேஜர் லீக் மேல இனப் பாகுபாடு வழக்குப் போட்டாரு. தோத்துட்டாரு, அப்பீல்லயும் தோத்தாரு. அவரு தீர்ப்பு லெச்சணத்தை இங்க சின்னப் பிள்ளையும் சிரிக்கும், அதுனால தோத்ததுல யாருக்கும் வருத்தமில்ல. ஆனா அந்தக் கேஸ்ல எனக்கு உறைச்சது வேற. இடமே கொஞ்சூண்டு. முழுநேர அம்பயர் மொத்தம் 76 பேரு, குழுத் தலைவரு 19 பேரு. இதுல வெள்ளையர் அல்லாதவன் விரல் விட்டு எண்ணுத அளவுக்குத்தான். இவ்வளவு சின்ன எண்ணிக்கைய வச்சு, தற்செயல் இல்லைன்னு புள்ளிவிவரத்துல காட்ட முடியல. கொஞ்சப் பேரத்தான் உள்ள விட்டாக, அந்தக் கொஞ்சமே அவுகளுக்குக் கேடயமாப் போச்சு. அதுனால கோர்ட்டுல நிக்காததெல்லாம் நடக்கலைன்னு சொல்லிராதீக.


ஆஃப்சைடு திருச்சி எழுதியது:

ஐயோ, இவ்வளவு வரும்னு எதிர்பாக்கல. ரூம்ல எல்லாரும் உக்காந்து சத்தமாப் படிச்சோம். ஆஷ்ஃபோர்டு வாசல்ல நின்ன இடத்துல ரூம்மேட்டே "சரிடா" ன்னுட்டான். சாம் அலிசன் முதல் மேட்ச் ஷெஃபீல்டுலதான்னு இப்பத்தான் கவனிச்சோம், ரென்னி ஊரு! லூட்டன் 3-2-ல ஜெயிச்ச மேட்ச் அது. அலிசன் அதுக்கு முன்னாடி தீயணைப்பு வீரராம்.

லண்டன் அண்ணா, உங்களுக்கும் அந்த வாசல் மாதிரி நடந்திருக்கா? அந்த கானாக்காரர் இப்ப என்ன பண்றார்? விட்டுட்டாரா?


ஞாயிறு விசில் எழுதியது:

வாசல் எண்டுறது ஒவ்வொரு கிழமையும்தான் தம்பி. கறுப்பு உடுப்பு, விசில், நெஞ்சுப் பையில அட்டை எல்லாத்தோடயும் போய் நிப்பன். கப்டன் நேர என்ர கொடிகாரனிட்டப் போய்க் கை குடுப்பார், பதினேழு வயசு வெள்ளைப் பெடியனிட்ட. "ரெஃப், எங்கட உடுப்பு நிறம் சரியோ?" எண்டு கேப்பார். பெடியன் என்னைக் காட்டுவான். அந்த மனுசன் பத்துத் தரம் மன்னிப்புக் கேப்பார். பிறகு முதல் பிரச்சினையான பந்து வரும். அதுக்கு நான் என்ன ஊதினாலும், மன்னிப்புக் கேட்டதை எனக்கு ஞாபகப்படுத்துற மாதிரி ஒரு பார்வை பாப்பார்.

கானாக்காரருக்கு இதைவிட. ஒரு மைதானத்தில கேற்றடியில நிண்ட வயசுபோன மனுசி அவரிட்டக் கார் தரிப்பிடக் காசு வாங்கச் சொல்லிக் காசுப் பெட்டியையே கையில குடுத்துப்போட்டுது. அவர் மூண்டு காருக்குக் காசு வாங்கிக் குடுத்துப்போட்டுத்தான் உடுப்பு மாத்தப் போனவர். ஏன் வாங்கினனீர் எண்டு கேட்டன். "வரிசையில நிண்டாங்கள், குளிரில" எண்டார். தங்கராசு அண்ணை, உங்கட ஆஷ்ஃபோர்டுக்கு வாயில பதில் இருந்தது. எல்லாருக்கும் அந்த நேரம் வராது.

அவர் விடேல்லை. முழங்கால் போச்சு, ஓடுறதை நிப்பாட்டினார். போன வருசம் படிச்சு ஒப்சேவரா வந்திட்டார். எங்கட பக்கத்தில அவர் ஒருத்தர்தான் கறுப்பின ஒப்சேவர். போன மாசம் அவர் முதல் முதல் பாத்த ஆட்டத்துக்கு நானும் சும்மா போனனான், தேத்தண்ணிப் பிளாஸ்கோட. ஊதினது ஒரு நைஜீரியப் பெடியன், பத்தொன்பது இருபது வயசு, நெடுவல். தூறல். ரெண்டாம் பாதியில ஒரு கூடாத அடி விழுந்து, ரெண்டு பக்கமும் பாய்ஞ்சு, பெடியன் பறந்துபோய் நடுவில நெஞ்சை நிமித்திக்கொண்டு நிண்டான். குரல் அந்தத் தொங்கலில நிண்ட எங்களுக்கே கேட்டுது. கானாக்காரர் குனிஞ்சு கொப்பியில ஏதோ எழுதினார். பிறகு கன நேரம் எழுதேல்லை.

ஆட்டம் முடிய, பெடியனோட கதைக்கப் போக முதல், கொப்பியை என்னட்ட நீட்டினார். மழைத்துளி பட்டு மை ஊறியிருந்தது. அறுபத்தெட்டாவது நிமிசத்துக்கு நேர "ஆக்ரோஷம்" எண்டு அவற்ற கையெழுத்திலயே இருந்தது. அதை வெட்டி, மேல "உறுதி" எண்டு எழுதி, அதையும் வெட்டி, பக்கத்தில கேள்விக்குறி போட்டிருந்தார்.

"நீ என்ன பாத்தனீ?" எண்டு கேட்டார். நான் பிளாஸ்கைத் திறந்து ஊத்திக் குடுத்தன். அறிக்கையில கடைசியா என்ன எழுதினார் எண்டு எனக்குச் சொல்லேல்லை, நானும் கேக்கேல்லை. பெடியனோட முக்கால் மணித்தியாலம் நிண்டு கதைச்சார், மழைக்கை.

சரி, எனக்கு விடிய ஐஞ்சு மணிக்குக் கடை திறக்கவேணும். தம்பி, காலேஜில இடைவேளையோட விசிலைக் குடுத்தனீங்கள் எண்டு எழுதினீங்களே, ரெண்டாம் பாதியை ஆர் ஊதினது?